மாரீஸ்வரி சோதித்த சூப்

காலை ஐந்து நாற்பது. கண் விழித்ததும் முதலில் பார்த்தது என் கால்களை. வலது கால் மெட்டியைக் காணவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் அது கழன்று விழவில்லை, வீங்கிய விரலின் சதைக்குள் புதைந்திருக்கிறது என்று தெரிந்தது. கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது, மேலே எழும்பவில்லை. கண்ணாடியில் இமைகள் இரண்டும் அழுதுவிட்டுத் தூங்கியவளுடையவை போல உப்பியிருந்தன. நான் அழவில்லை. நன்றாகத் தூங்கியிருந்தேன். மூட்டு நோய்க்காரியான எனக்குக் கைகளில் வலியும் இல்லை. அதுதான் குழப்பியது.

என் கணவர் கணேசன் திருத்தங்கலில் ஆப்செட் அச்சகம் ஒன்றில் மெஷின் ஓட்டுகிறார். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசுப் பெட்டிகளுக்கான அட்டை இரவு பகலாக ஓடும். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் வந்தவர் என் காலைப் பார்த்து நின்றார்.

“என்ன மகேசு, வேற யாரு காலயோ மாத்திக் கொண்டாந்துட்டயா?”

சிரித்தோம். அன்று மதியம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் எனக்குப் படுக்கை போட்டிருந்தார்கள்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. நான் விருதுநகரில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்தி திருத்துகிறவள். என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததால் மொத்தமாக எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இதற்குள் என் நாத்தனார் மாரீஸ்வரி செய்த ஒரு வேலை இருக்கிறது. அதை வேறு யாரும் எழுதப் போவதில்லை.

மருத்துவமனையில் முதல் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற ஒன்று, இருக்க வேண்டிய அளவைப் போல் நான்கு மடங்கு இருந்தது. தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தத்தில் அது ஏறினால் வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். ஸ்கேனில் சிறுநீரகங்கள் இரண்டும் அளவில் சரியாகவே இருந்தன. கல் இல்லை, அடைப்பு இல்லை. அதாவது இது நாள்பட்ட கேடு இல்லை. சமீபத்தில் ஏதோ ஒன்று அவற்றைத் தாக்கியிருக்கிறது.

சிறுநீரக மருத்துவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பேசுவார்.

“வலி மாத்திரை என்னென்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடலை டாக்டர்.”

“முடக்குவாதம்னு எழுதியிருக்கு. வலி மாத்திரை போடாம இருக்க மாட்டாங்களே.”

“எனக்கு பிரஷர் இருக்கு. பிரஷர் மாத்திரையோட வலி மாத்திரை சேரக் கூடாதுன்னு மூட்டு டாக்டர் முதல் நாளே சொல்லிட்டாரு. ஒண்ணுகூடப் போடலை.”

“நாட்டு மருந்து?”

“முடக்கத்தான் சூப்.”

அவர் பேனா நின்றது. “எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும். காலையிலயும் ராத்திரியும்.”

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. அவர் எழுதிய சொற்களைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். அச்சுக்குப் போகும் பக்கத்தை எதிர்ப்பக்கத்தில் நின்று படித்துப் பழகியவளுக்கு அது சிரமம் இல்லை. ‘மூலிகை நச்சு என ஐயம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

அந்த சூப்பின் வரலாற்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆண்டின் தொடக்கத்தில் என் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை ஒரு மணி நேரத்துக்கு மடங்காது. தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது, பேனாவைப் பிடிக்க முடியாது. மூட்டு மருத்துவர் முடக்குவாதம் என்றார். உடலின் காவல் படை தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை ஒன்றைத் தந்து, அது வேலை செய்யத் தொடங்க மூன்று மாதம்கூட ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பொறுத்துக்கொள்வது என் மாமியார் பேச்சியம்மாளுக்குப் பிடிக்காத காரியம். அவருடைய வீட்டார் வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசலில் கூலி வேலை செய்தவர்கள். அவர் முப்பது ஆண்டுகளாக நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறார். காலை மடக்கி உட்கார்ந்தால் சாப்பாட்டு வேளைக்குத்தான் நீட்டுவார். எத்தனை சுற்றுகிறோமோ அதற்குத்தான் கூலி என்பதால் முழங்கால் வலிக்கிறது, தோள் கடுக்கிறது என்று யாரும் எழுந்து போவதில்லை. மெடிக்கல் கடையில் ‘ஒரு செட்’ என்று கேட்டால் நான்கு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். என்ன பெயர், யார் எழுதியது என்பதெல்லாம் கிடையாது. பதினோரு மணி டீயோடு அதை விழுங்கிவிட்டு மறுபடி உட்காருவார்கள். சீசனில் அது வடைக்குச் சமானம்.

“ஒரு செட்டு போடு தாயி, கை தன்னால மடங்கும்” என்று அத்தை என்னிடம் நீட்டினார்.

“வேண்டாம் அத்தை. டாக்டர் திட்டுவாரு.”

“அந்தாளுக்கா வலிக்குது?”

நான் வாங்கவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. மறுநாளிலிருந்து சூப் வந்தது. முடக்கத்தான் இலை, மிளகு, சீரகம், பூண்டு. கண்மாய்க் கரையில் தானே பறித்து, தானே அரைத்து, ஒரு டம்ளர் காலையில், ஒரு டம்ளர் இரவில். லேசான கசப்பு. ஐந்தாம் நாள் நான் பாட்டில் மூடியைத் திறந்தேன். இரண்டாம் வாரம் பேனா பிடித்து எழுதினேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் முடக்கத்தானைப் பற்றிச் சொன்னேன்.

மாரீஸ்வரி அத்தையின் கடைசி மகள். மருந்தியலில் ஆராய்ச்சி மாணவி. அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அவள் எடுத்துக்கொண்ட பொருளே முடக்கத்தான்தான்: அதன் சாறு வலியையும் வீக்கத்தையும் உண்மையில் குறைக்கிறதா, குறைத்தால் எவ்வளவு. தன் அம்மாவும் கம்பெனிப் பெண்களும் அந்தச் செடியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள், அதனால்தான் எடுத்தாள். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து எடுக்கும் பிசின் போன்ற பொருளைச் சோதிப்பாள். எலியின் பாதத்தில் கடற்பாசியிலிருந்து எடுத்த ஒன்றை ஊசியால் செலுத்தினால் பாதம் வீங்கும். சாறு கொடுத்த எலிக்கு எவ்வளவு வீங்குகிறது, கொடுக்காத எலிக்கு எவ்வளவு, கடையில் விற்கும் வலி மாத்திரை கொடுத்த எலிக்கு எவ்வளவு என்று அளப்பார்கள். அதற்கு முன் எலி இல்லாமலே ஒரு சோதனை உண்டு. முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் வெள்ளையாகத் திரண்டுவிடும். வீக்கத்தைக் குறைக்கும் மருந்து கலந்திருந்தால் அந்தத் திரட்சி குறையும். எவ்வளவு குறைகிறது என்பதே மதிப்பெண்.

அவளுடைய சாறு அந்தச் சோதனையில் சுமாராகத்தான் தேறிக்கொண்டிருந்தது. கை குணமான பெருமையில் நான் ஒரு தண்ணீர் பாட்டிலில் அத்தையின் சூப்பை ஊற்றி அவளிடம் கொடுத்தேன். “ஒன் சாராயத்தையெல்லாம் விட்டுட்டு ஒங்கம்மா கைப்பக்குவத்தச் சோதி.”

இரண்டு நாள் கழித்து அவள் போனில் கத்தினாள். “மதினி! மாத்திரையவே தூக்கிச் சாப்பிட்டிருச்சு மதினி!”

வழிகாட்டிப் பேராசிரியருக்கும் மகிழ்ச்சி. உடனே ஆய்விதழுக்கு எழுதலாம் என்றார். அவள் எழுதவில்லை. அத்தை சொன்ன அளவில், அத்தை பறித்த அதே இடத்து இலையில், சோதனைக்கூடத்தில் தானே சூப் வைத்துச் சோதித்தாள். சுமார். மறுபடி வைத்தாள். மறுபடியும் சுமார். தண்ணீரா, பாத்திரமா, பறிக்கும் நேரமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் என் மெட்டி காணாமல் போனது.

மருத்துவமனை நாட்களில் நேரத்தை நான் சிறுநீரைக் கொண்டு அளந்தேன். ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் பிடித்து நர்ஸிடம் காட்ட வேண்டும். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. எதிர்ப் படுக்கையில் இருந்த அம்மாளை ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் வடிகட்டித் திரும்ப ஏற்றுவது. நான்கு மணி நேரம் கழித்து வரும்போது அவர் யாரோடும் பேச மாட்டார். கிரியாட்டினின் இன்னும் ஏறினால் எனக்கும் அதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சில நாளைக்கா, எப்போதைக்குமா என்று கேட்டேன். “எது தாக்குச்சுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்” என்றார்.

தெரிந்துகொள்ள பயாப்சி. முதுகுப் பக்கமாக ஊசியைச் செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து நூல் கனத்துக்குத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு உண்டு என்று எழுதிய தாளில் கணேசன் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் இரண்டு முறை படித்தார். அச்சாகப்போகும் தாளில்கூட அவர் அவ்வளவு கவனம் காட்டி நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை என்று குறித்தார்கள்.

அத்தை வேலையை முடித்துவிட்டு சிவகாசியிலிருந்து பஸ் ஏறி மாலையில் வருவார். விரல் இடுக்குகளில் அலுமினியத் தூளின் சாம்பல் நிறம் அப்படியே இருக்கும். முதல் நாள் ஒயர் கூடையில் பிளாஸ்க் கொண்டுவந்தார். நர்ஸ் தடுத்தார்.

“வெளிய இருந்து எதுவும் குடுக்கக் கூடாதும்மா. இதுலதான் கிட்னியே போயிருக்கு.”

“எதுல?”

“இந்தச் செடியிலதான்.”

“எங்க கம்பெனியில அம்புட்டுப் பேரும் குடிக்கிறோம். எங்க கிட்னியெல்லாம் எங்க போச்சு?”

அத்தை வராந்தாவில் உட்கார்ந்து அந்த சூப்பைத் தானே குடித்துத் தீர்த்தார். வீணாக்கக் கூடாது என்பது ஒன்று. பஸ்ஸில் நின்று வந்ததில் முழங்கால் கடுத்தது இன்னொன்று. மருத்துவர் அவரையும் கூப்பிட்டுக் கேட்டார். சூப்பில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று. முடக்கத்தான், மிளகு, சீரகம், பூண்டு என்று அத்தை தயங்காமல் சொன்னார். வேறு இலை ஏதாவது? இல்லை. வேறு வேர்? இல்லை.

செடிதான் குற்றவாளி என்று மருத்துவர் நினைப்பதை மாரீஸ்வரிக்கு நான்தான் போனில் சொன்னேன். மூன்று ஆண்டுகளாக அவள் சோதிக்கும் செடி.

“மதினி, நீங்க குடுத்த பாட்டில்ல பாதி இன்னும் ஃப்ரீசர்ல இருக்கு.”

“அதுக்கென்ன?”

“என் எலிக அந்தச் சாறத் தின்னுட்டு நல்லாத்தான் இருக்குக. கிட்னியெல்லாம் எடுத்துப் பாத்தாச்சு. அப்ப ஒங்களுக்கு மட்டும் ஏன்? நான் வைக்கிற சூப்புல இல்லாதது அம்மா சூப்புல என்னமோ இருக்கு. அதே என்னமோதான் முட்டையிலயும் வேலை செஞ்சிருக்கு.”

வியாழன் மதியம் அவள் வார்டுக்கு வந்தாள். கல்லூரிப் பையில் செல்போனைத் தவிர ஒன்றும் இல்லை. போனில் ஒரு புகைப்படம்: ஊதா வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் சிறு தகடு, அதில் கறுப்புப் பொட்டுகள். கணேசன் எட்டிப் பார்த்தார்.

“என்னத்தா இது, கலர் சேர அட்டை ஓரத்துல வைக்கிற ரிஜிஸ்டர் மார்க் மாதிரி?”

“அண்ணே, ஒரு துளி மையத் தாள்ல விட்டு, தாளோட அடியத் தண்ணியில நனைச்சா மை ஏறிப்போயி நீலம் தனியா, மஞ்சத் தனியா நிக்குமில்ல? அதேதான். இந்தத் தகட்டுல அடியில வரிசையாத் துளி வச்சு, ஒரு திரவத்துல நிக்க வச்சிருக்கேன். ஒவ்வொரு பொருளும் அதுக்குன்னு ஒரு உயரம்தான் ஏறும். இது நான் வச்ச சூப்பு. இது சோதனைக்கு நாங்க வச்சிருக்கிற வலி மாத்திரை. இது அம்மா சூப்பு.”

அம்மா சூப்பின் கோட்டில் ஒரு கறுப்புப் பொட்டு. வலி மாத்திரையின் கோட்டில் அதே உயரத்தில் அதே பொட்டு. மாரீஸ்வரி வைத்த சூப்பில் அந்த உயரத்தில் ஒன்றும் இல்லை. அம்மா சூப்பில் அதற்குக் கீழே இன்னொரு பொட்டும் இருந்தது. அது ஸ்டீராய்டு என்று சந்தேகம், அதோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், பொருந்துகிறது என்றாள்.

அத்தை அன்று சீக்கிரமே வந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாரீஸ்வரி திரும்பினாள்.

“எம்மா. சூப்புல செட்டு போட்டயா?”

“ஆமா, போட்டேன்.”

அவ்வளவு சாதாரணமாக வந்தது பதில். கணேசன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“என்னம்மா சொல்றீக?”

“ஏன்டா கத்துறே? தெனமும் ரெண்டு செட்ட நுணுக்கி மொத்த சூப்புலயும் போட்டேன். முழுசா முழுங்குனா வயிறு எரியும்னு நாங்க அப்பிடித்தான் போடுவோம். மொடக்கத்தானோட சேந்தா அந்தச் சூடு தெரியாது. கம்பெனியில யார வேணாலும் கேளு.”

“டாக்டரு கேட்டாகளே, என்னென்ன போட்டீகன்னு?” என்றாள் மாரீஸ்வரி.

“எலை என்ன, வேரு என்னன்னு கேட்டாக. மாத்திரை போட்டயான்னு யாரு கேட்டா?”

யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் அதைக் குடித்த நானும் கேட்கவில்லை.

மாரீஸ்வரி தன் அம்மாவைத் திட்டவில்லை. மருத்துவர் எப்போது வருவார் என்று நர்ஸிடம் கேட்டாள். மாலை ஆறு மணிக்கு அவர் வார்டுக்கு வந்தபோது கதவருகே நின்று, ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றாள். நான் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் போனை வாங்கிப் பார்த்தார். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை.

“நீங்க இந்தச் செடியிலதான் பிஎச்.டி. பண்றீங்களா?”

“ஆமா மேடம்.”

“அப்ப உங்க செடியைக் காப்பாத்த வந்திருக்கீங்க.”

“இல்ல மேடம். இந்தச் செடி மாத்திரையவிட நல்லா வேலை செய்யுதுன்னு போன மாசம் எனக்கு ஒரு ரிசல்ட் வந்துச்சு. அதுவும் இந்தப் பாட்டில்ல இருந்துதான். இப்ப அது பொய்யாயிருச்சு. செடி கெடுதல் பண்ணலைங்கிறதும், நான் நெனச்ச அளவுக்கு வேலை செய்யலைங்கிறதும் ஒரே படத்துல இருக்கு. ரெண்டையும் சேத்துத்தான் சொல்ல வந்தேன்.”

மருத்துவர் அத்தையைக் கூப்பிட்டார். இந்தத் தடவை சரியான கேள்வியைக் கேட்டார். அத்தை இடுப்பு முடிச்சிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நாளைய வேலைக்கு வாங்கி வைத்திருந்தது. மருத்துவர் நான்கு மாத்திரைகளையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். இரண்டு வலி மாத்திரை, ஒன்று வயிற்றுக்கு, சிறிய வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு.

அதற்குப் பிறகு எல்லாம் மாறியது. பயாப்சி தள்ளி வைக்கப்பட்டது. பிரஷர் மாத்திரை மாற்றப்பட்டது. அந்த மாத்திரையும் வலி மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்திருக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். ஸ்டீராய்டைப் பற்றியும் சொன்னார். வெளியிலிருந்து அது வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் உடல் தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். சூப்பை நிறுத்தியதும் அதுவும் திடீரென்று நின்றுவிட்டது. இரண்டு நாளாக எனக்கு இருந்த தலைசுற்றலும் சோர்வும் சிறுநீரகத்தால் மட்டும் அல்ல. அளவு தெரிந்து கொடுத்து, படிப்படியாகக் குறைத்தார்கள்.

போகும்போது மருத்துவர் மாரீஸ்வரியிடம் அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார். “ஸ்டூடண்ட்ஸுக்குக் காட்டணும்” என்றார். வேறு பாராட்டு எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள், நர்ஸ், சாப்பாடு கொண்டுவரும் பெண் என்று எல்லோரிடமும், அது என் நாத்தனார், ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

கிரியாட்டினின் சனிக்கிழமை ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் இறங்கியது. அதற்குப் பின் இறங்கிக்கொண்டே போனது. அளவுக் குவளை நிரம்பத் தொடங்கியதும் நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டி, “பாஸ்” என்றார். இயந்திரத்துக்கு நான் போகவில்லை. மருத்துவமனைக் கணக்கில் ஒரு பகுதியைக் காப்பீடு கட்டியது. மீதிக்காகக் கணேசன் அச்சகத்தில் கேட்டு இரட்டை ஷிப்ட் வாங்கிக்கொண்டார். தூக்கமில்லாத அவர் கண்ணைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

அத்தை அந்த வியாழனுக்குப் பிறகு இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். பிளாஸ்கில் கஞ்சி. மூடியைத் திறந்து முதலில் தான் ஒரு வாய் குடித்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, “மாத்திரை கீத்திரை ஒண்ணும் கெடையாது தாயி. அரிசி, உப்பு, தண்ணி” என்றார்.

நர்ஸ் சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. என் காலைப் பிடித்துப் பார்த்தார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். குழி சீக்கிரமே நிறைந்தது.

“வலிக்குதுன்னு பாக்க முடியாமத்தான் போட்டேன் மகேசு.”

“தெரியும் அத்தை.”

“இப்ப கை வலிக்குதா?”

வலித்தது. ஸ்டீராய்டு குறையக் குறையக் கணுக்கள் மறுபடி வீங்கியிருந்தன. “கொஞ்சம்” என்றேன். அவர் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகும்வரை உட்கார்ந்திருந்தார். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மாத்திரையைச் சிறுநீரகம் தேறிய பிறகு மூட்டு மருத்துவர் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். இப்போது காலையில் விரல் மடங்க அரை மணி நேரம் ஆகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மதியம் மாரீஸ்வரி நாரணாபுரத்துக்குப் போனாள். கம்பெனி வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் பெண்கள் சாப்பிட உட்காருகிற நேரம். நானும் கூடப் போயிருந்தேன். செட்டில் என்ன இருக்கிறது, சூப்பில் போட்டால் என்ன ஆகிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

“எலி டாக்டரு வந்திருக்காக, எல்லாரும் வாலச் சுருட்டிக்கிட்டு உக்காருங்க” என்றார் ஒருவர்.

“அப்ப வலிச்சா என்னத்த நாங்க தின்ன? ஒன் எலிக்குப் போடுறதக் கொண்டா” என்றார் இன்னொருவர்.

“எலிக்குப் போடுறது இன்னும் மனுசருக்கு வரலக்கா. வந்தாலும் செட்டு மாதிரி டக்குனு கேக்காது. கொஞ்சம்தான் கேக்கும்.”

“கொஞ்சம் கேக்குறதுக்கா இத்தன வருசம் படிச்சே?”

“ஆமாக்கா. கொஞ்சம்னு தெரிஞ்சுக்கத்தான்.”

அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். செட்டை விட்டுவிடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. சூப்பில் நுணுக்கிப் போட்டு மற்றவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று மட்டும் சிலர் சொன்னார்கள்.

ஆய்வின் கடைசிப் பகுதியாக அவளுக்கு இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. மனித ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சூட்டில் வைத்தால் அவற்றின் தோல் உடையும். வீக்கத்தைக் குறைக்கும் மருந்து அந்தத் தோலை உடையாமல் காக்கும். முடக்கத்தான் சாறு எவ்வளவு காக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குச் சில பேரிடம் ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருந்தது. நிபந்தனை ஒன்று: ரத்தம் கொடுப்பவர் முந்தைய இரண்டு வாரம் வலி மாத்திரை எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. சோதனைக்கூடத் தோழிகள் மூவர் கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். நான் மருந்து சாப்பிடுகிறவள், ஆகாது. கணேசன் இரட்டை ஷிப்டில் தலைவலி மாத்திரை போட்டிருந்தார், அவரும் ஆகாது.

“என் ரத்தத்த எடு” என்றார் அத்தை.

“எம்மா, ரெண்டு வாரம். சீசன் நேரம். ஒன்னால முடியாது.”

“ஒன்னப் பெத்தப்ப எந்தச் செட்டப் போட்டேன்?”

அன்றிலிருந்து அவர் செட் வாங்கவில்லை. மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். முழங்காலுக்கு நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். என் விரல்களுக்கும் அதே பாத்திரத்துச் சூடு இதமாக இருந்தது. முதல் வாரம் கழிந்தது. லோடு ஏற்றும் அவசரத்தில் கம்பெனியில் ஞாயிறும் வேலை வைத்தார்கள். அன்றும் போனார்.

மறுநாள் மாலை மாரீஸ்வரி வீட்டில் இருந்தாள். அத்தை உள்ளே வந்தார். வாசல் நிலையைப் பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் நேராக மகளிடம் போனார்.

“நேத்து மத்தியானம் ஒரு செட்டு போட்டுட்டேன். என் ரத்தம் ஆகாது.”

“இன்னும் நாலஞ்சு நாள்தானே இருந்துச்சு. சொல்லாட்டி யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா” என்றார் கணேசன்.

அத்தை மகளைப் பார்த்து, “ரெண்டு வாரத்த முதல்ல இருந்து எண்ணு” என்றார்.

மாரீஸ்வரி அன்றிலிருந்து எண்ணினாள்.